மறியலா, மருத்துவமா? வாசகர் கேள்வி – பதில்

போதைப்பொருள் வழக்கில் மாட்டியவர்களை மறியலுக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப வழி உண்டா என்று திருகோணமலை மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம். பெயர் எதையும் போடவில்லை.

“என் மகனுக்கு 23 வயது. ஐஸ் வைத்திருந்தான் என்று பிடித்து விளக்கமறியலில் வைத்திருக்கிறார்கள். 180 மில்லிகிராம் என்று பொலிஸார் சொல்கிறார்கள். மூன்று வருடமாகப் பாவிக்கிறான் என்பதே எங்களுக்கு இப்போதுதான் தெரியும். ‘குற்றத்தை ஒப்புக்கொண்டு கந்தகாடு (புனர்வாழ்வு நிலையம்) கேளுங்கோ, பிள்ளை திருந்தி வரும்’ என்கிறார்கள். கேட்கலாமா?” – ஒரு தாய், உப்புவெளி

அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள விடாதீர்கள் அம்மா. முதலில் பொலிஸார் நீதிமன்றத்துக்குக் கொடுத்த பி அறிக்கையின் பிரதியை உங்கள் சட்டத்தரணி ஊடாக எடுங்கள். அதில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கும். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் 54அ அல்லது 54ஆ பிரிவு என்றிருந்தால் நீதவானால் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும், அங்கேயும் “விதிவிலக்கான சூழ்நிலை” ஒன்றைக் காட்டியாக வேண்டும். 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு, தூய எடை 10 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருக்கிறது.

இதில் “தூய எடை” என்ற சொல்லைக் கவனியுங்கள். பொலிஸ் நிலையத் தராசில் விழுவது கலப்படத்தோடு சேர்த்த எடை. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சொல்வது அதற்குள் இருக்கும் உண்மையான போதைப்பொருளின் எடை. 12 கிராம் தூளில் மூன்றில் ஒரு பங்குதான் ஹெரோயின் என்றால் தூய எடை 4 கிராம். பிணை கேட்க வேண்டிய நீதிமன்றமே அப்போது மாறிவிடும். ஹெரோயினுக்கு 2 கிராம், ஐஸுக்கு (மெத்தம்பெட்டமின்) 5 கிராம் என்ற எல்லையைத் தொட்டால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகும் குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது. உங்கள் மகனுடைய அளவு அதற்கு எவ்வளவோ கீழே. ஆனால் பகுப்பாய்வு அறிக்கை வரத் தாமதமாகும், அதுவரை தவணைக்கு மேல் தவணையாக மறியல் நீளும். ஒவ்வொரு தவணையிலும் “அறிக்கை எங்கே நிற்கிறது?” என்று சட்டத்தரணி கேட்டு, அது வழக்கேட்டில் பதிவாக வேண்டும். கேட்காவிட்டால் யாரும் தேடமாட்டார்கள்.

சிகிச்சைக்கு வருவோம். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைப்பொருளில் தங்கியிருப்பவர்களுக்கான சிகிச்சை, புனர்வாழ்வு பற்றியது. இரண்டு வாசல்களை அது திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, தானாக விரும்பிச் சேர்வது. மற்றது, பொலிஸாரும் அரச வைத்திய அதிகாரியின் மதிப்பீடும் ஊடாக வந்து நீதவானின் கட்டளையில் முடிவது. கந்தகாடு இரண்டாவது வாசலுக்கு அப்பால் இருக்கிறது. பொலன்னறுவை மாவட்டத்தில் வெலிக்கந்தைப் பக்கம், புனர்வாழ்வுப் பணியகத்தின் கீழ் இயங்கும் நிலையம் அது. இராணுவத்தினரும் அங்கே கடமையில் இருக்கிறார்கள். 2022 ஜூனில் அங்கு ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் வேலியைத் தாண்டி ஓடிய செய்தி உங்களுக்கும் நினைவிருக்கும். ஆகவே “கந்தகாடு கேட்பது” சிகிச்சை கேட்பதற்குச் சமம் என்று எடுக்க வேண்டாம். போதைப்பொருளுக்காக ஆட்களைக் கட்டாயமாகத் தடுத்து வைக்கும் நிலையங்களை மூடும்படி ஐக்கிய நாடுகளின் 12 முகவரகங்கள் 2012 மார்ச்சிலேயே கூட்டாகக் கேட்டிருந்தன.

நீங்கள் கேட்க வேண்டியது முதலாவது வாசல். வழக்கில் தீர்ப்பு வருமுன், உளநல வைத்தியர் ஒருவரின் மதிப்பீடும், மகனை ஏற்கத் தயாராக உள்ள நிலையத்தின் கடிதமும் கையில் இருக்கட்டும். அவற்றை நகர்த்தல் பத்திரத்தோடு, அதாவது நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் கோரிக்கையோடு, இணைத்து, பிணையின் நிபந்தனையாகவோ தண்டனையைக் குறைக்கும் காரணமாகவோ சிகிச்சையைச் சட்டத்தரணி முன்வைக்கலாம். மறியலில் இருப்பவரை வைத்தியர் பார்க்க வேண்டுமென்றால், சிறைச்சாலை ஊடாக மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல நீதவானிடம் கட்டளை கேட்க வேண்டும்.

அந்த வைத்தியக் கடிதத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். “இவர் போதைக்கு அடிமையாகியுள்ளார், உதவவும்” என்று இரண்டு வரி எழுதி வாங்கி வந்தால் நீதிமன்றத்தில் அதற்குப் பெறுமதி இல்லை. எந்தப் பொருள், புகைத்தா ஊசியிலா, எவ்வளவு காலம், முதல் தடவை எப்போது கிளினிக்குக்கு வந்தார், போதைப்பொருளில் தங்கியிருத்தல் நிலை உறுதியா, அடுத்த பன்னிரண்டு வாரம் என்ன திட்டம் என்பதெல்லாம் திகதியோடு இருக்க வேண்டும். தங்கியிருத்தலுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாடு ஆறு அடையாளங்களைச் சொல்கிறது: அடக்க முடியாத ஆசை, கட்டுப்பாடு கைநழுவுவது, நிறுத்தினால் உடல் படும் பாடு, வரவர அதிக அளவு தேவைப்படுவது, மற்ற வேலைகளெல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதி தெரிந்தும் விடாமல் தொடர்வது. கடந்த ஒரு வருடத்தில் இவற்றில் மூன்று ஒன்றாக இருந்தால் தங்கியிருத்தல். ஹெரோயின் என்றால் எப் 11, ஐஸ் என்றால் எப் 15 என்ற குறியீடு எழுதப்படும். அந்தக் குறியீட்டைக் கடிதத்தில் கண்டால், வைத்தியர் இருந்து பேசித்தான் எழுதியிருக்கிறார் என்று ஓரளவு நம்பலாம்.

“தம்பியை விருப்பத்தோடு எங்காவது சேர்க்கலாம் என்றால் திருகோணமலையில் இடம் இருக்கிறதா? தனியார் நிலையம் ஒன்றில் மாதக் காசு கட்டச் சொல்கிறார்கள்.” – அண்ணன், கிண்ணியா

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தங்கி இருந்து சிகிச்சை பெறும் நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் இருக்கின்றன. கிழக்கிலிருந்து எல்லாமே தூரம். முதலில் 1927க்கு எடுங்கள், அது சபையின் ஆலோசனை இலக்கம். இடம் இருக்கிறதா, எத்தனை நாள், என்ன ஆவணம் வேண்டும் என்று கேட்பதோடு நிறுத்தாமல், தமிழில் பேசும் ஆலோசகர் எந்த நாட்களில் இருப்பார் என்றும் கேளுங்கள். இந்தக் கேள்வியைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். இங்கே கொடுக்கப்படும் சிகிச்சையில் பெரும்பங்கு பேச்சுத்தான். சிங்களம் புரியாத பிள்ளையைச் சிங்களத்தில் நடக்கும் குழு ஆலோசனையில் இருபது பேருக்கு நடுவே இருத்தினால், பிள்ளை காலத்தைக் கழித்துவிட்டு வரும், அவ்வளவுதான்.

தனியார் நிலையம் என்றால் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். வைத்தியர் கிழமைக்கு எத்தனை தடவை வருவார், இரவில் வலிப்பு வந்தால் எந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள், வீட்டாரை முதல் எத்தனை நாளைக்குப் பார்க்க விடமாட்டார்கள் என்று கேளுங்கள். “அடித்துத் திருத்துவோம்” என்று பெருமையாகச் சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே சேர்ப்பதைவிட வீட்டில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குக் கூட்டிப்போவது எவ்வளவோ நல்லது. தூக்கமின்மை, மனச்சோர்வு, உயிரை மாய்க்கும் எண்ணம் என்று எதுவானாலும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இரவிலும் எடுபடும்.

“கணவரைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு நாள். அவர் தூளும் பாவிப்பார், கசிப்பும் குடிப்பார். உள்ளே மருந்தில்லாமல் செத்துப்போவாரோ என்று பயமாக இருக்கிறது.” – குச்சவெளி

தூள், அதாவது ஹெரோயின் நிற்கும்போது படும் பாடு பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் உயிரை எடுக்காது. கடைசியாகப் பாவித்து 6 முதல் 12 மணித்தியாலத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், மயிர்க்கூச்செறிவு தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். வயிற்றுப்போக்கு, வாந்தி, கால் குடைச்சல் என்று போய் ஒரு கிழமை, பத்து நாளில் அடங்கும். இதில் ஆபத்து நீர் வற்றுவதுதான். சிறைச்சாலை வைத்தியப் பிரிவில் ஜீவனி (உப்பு-சீனிக் கரைசல்) கொடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

உண்மையான ஆபத்து கசிப்பில், அதாவது கள்ளச் சாராயத்தில், இருக்கிறது. நாளாந்தம் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை கை நடுக்கம், வியர்வை, ஆளைத் தெரியாமல் பிதற்றுவது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று பார்ப்பது எல்லாம் வரலாம். அந்த நிலைக்குச் சரியான மருந்து கொடுக்காவிட்டால் உயிர் போகும். “போதைக்காரன் நடிக்கிறான்” என்று விட்டுவிடும் இடம் இதுதான். ஆகவே இன்றைக்கே சட்டத்தரணி ஊடாகவோ நேரே சிறைச்சாலை நலன்புரி உத்தியோகத்தரிடமோ ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: தினம் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா, வேறு என்ன வருத்தம், என்ன மருந்து. தூளைப் பற்றியும் மறைக்காமல் வைத்தியருக்குச் சொல்லலாம். விற்றார், வாங்கினார் என்ற கதைகளை மட்டும் அந்தத் துண்டில் எழுத வேண்டாம். கசிப்புக்காரருக்கு வைட்டமின் பி1, அதாவது தயமின், சேலைனில் குளுக்கோசு ஏற்றுவதற்கு முந்தியே போக வேண்டும். மாறி நடந்தால் மூளை பாதிக்கப்படலாம். வைத்தியருக்கு இது தெரிந்த விஷயம், ஆனால் ஆள் குடிகாரர் என்பதே அவருக்குத் தெரியாவிட்டால் எப்படிச் செய்வார்?

கவனித்துக்கொள்ளும்படி நீதவானே சிறைச்சாலை வைத்தியருக்குக் கட்டளையிடலாம். அடுத்த தவணை வரும்வரை காத்திராமல் நகர்த்தல் பத்திரம் போட்டுக் கேளுங்கள். வசதியில்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் எங்கே என்று விசாரித்து அங்கே போகலாம். மறியலுக்குள் அடித்தார்கள், மருந்து மறுத்தார்கள் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996.

“கஞ்சா வழக்கு, முதல் தடவை. தண்டப்பணம் கட்டி முடித்துவிடலாம் என்கிறார்கள். மகன் கட்டாருக்குப் போக இருக்கிறான்.” – மூதூர்

முடித்துவிடலாம், ஆனால் முடிந்துவிடாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினால் அது குற்றவாளித் தீர்ப்பு. விரலடையாளத்தோடு பதிவாகும், வெளிநாட்டுக்கு எடுக்கும் பொலிஸ் சான்றிதழில் வந்து நிற்கும். காலை பத்து மணிக்குப் பத்து நிமிடத்தில் முடிந்த வழக்கு, விசா எடுக்கும்போது திரும்ப வரும்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவைப் பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். ஆளின் வயது, நடத்தை, குற்றத்தின் சிறுமை இவற்றைப் பார்த்து நிபந்தனையோடு விடுவிக்க நீதவானுக்கு அது இடம் கொடுக்கிறது. 303ஆம் பிரிவு ஒத்திவைத்த சிறைத்தண்டனை பற்றியது, அது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கஞ்சாவை அவன் அன்றாடம் புகைக்கிறானா, நண்பர்களோடு ஒரு தடவையா என்பதையும் நேர்மையாகப் பாருங்கள். ஒரு தடவை புகைத்தவனைச் சிகிச்சைக்கு அனுப்புவதால் யாருக்கும் லாபமில்லை, அந்தக் கட்டில் வேறொருவருக்குத் தேவை.

“கசிப்பு வழக்கில் தண்டம் கட்டக் காசில்லை. மறியலுக்குப் போகாமல் வேலை செய்து கழிக்கலாமா?” – தம்பலகாமம்

ஓம், அதற்கு வழி உண்டு. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம். கட்டாயக் குறைந்தபட்சச் சிறை இல்லாத, இரண்டு வருடத்துக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களுக்கு, சிறைக்கும் தண்டத்துக்கும் பதிலாக நீதவான் இந்தக் கட்டளையைப் போடலாம். உங்கள் சம்மதம் வேண்டும். நீதிமன்றத்தோடு இணைந்த சீர்திருத்த உத்தியோகத்தர் முதலில் உங்களைப் பற்றி அறிக்கை தயாரிப்பார்: வீடு, தொழில், குடும்பம், குடி. சம்பளமில்லாத சமுதாய வேலை, குறித்த நாளில் போய் ஒப்பமிடுவது, குடிக்கான ஆலோசனை, தொழிற்பயிற்சி எல்லாம் நிபந்தனையாக வரலாம். சிகிச்சையை நிபந்தனையாகப் போடும்படி நீங்களே கேட்கலாம். கேட்காவிட்டால் பெரும்பாலும் புல் வெட்டுவதோடு நின்றுவிடும்.

இது எங்கே உடைகிறது தெரியுமா? கடலுக்குப் போகிறவரும் கூலிக்குப் போகிறவரும் ஒப்பமிடும் நாளைத் தவறவிடுகிறார்கள். இரண்டு தரம் தவறினால் உத்தியோகத்தர் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியிருக்கும், பிறகு பழைய தண்டனை திரும்ப வரும். அறிக்கை எழுதும் நாளிலேயே உங்கள் தொழில் நேரத்தைச் சொல்லி, எந்த நாள் தோது என்று எழுதுவியுங்கள். வருத்தமென்றால் அன்றைக்கே போன் எடுத்து, வைத்தியத் துண்டை வைத்திருங்கள்.

“பிணையில் வந்த பிறகு சிறுநீர் பரிசோதனையில் அகப்பட்டால் திரும்ப மறியலா?” – சீனக்குடா

நிபந்தனை எப்படி எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. பரிசோதனையைப் பற்றித் தெரிந்திருங்கள்: ஹெரோயின் ஒன்று முதல் மூன்று நாள், ஐஸ் இரண்டு முதல் நான்கு நாள் சிறுநீரில் தெரியும். கஞ்சா எப்போதாவது என்றால் மூன்று நாளளவில் போய்விடும், தினம் புகைத்தவருக்கு ஒரு மாதம்கூட நிற்கும். அதனால் நிறுத்தி மூன்று கிழமையான பிறகும் கஞ்சா இருப்பதாகக் காட்டினால் “திரும்பப் பாவித்தான்” என்று முடிவுகட்ட முடியாது. கொடீன் கலந்த இருமல் மருந்து அபின் வகைக்குக் காட்டும். சில தடிமல் குளிசைகள் ஐஸ் வகைக்குப் பொய்யாகக் காட்டக்கூடும். குளிசை போட்டிருந்தால் சிறுநீர் கொடுக்குமுன் சொல்லி எழுதுவியுங்கள். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் அட்டை முதற்கட்டம்தான், மறுத்தால் ஆய்வுகூட உறுதிப்படுத்தல் கேட்கலாம்.

ஒரு தரம் வழுக்கி விழுவது இந்த நோயில் நடப்பதுதான். கிளினிக்கில் போய் நீங்களே சொல்லிச் சிகிச்சைத் திட்டத்தை மாற்றி எழுதுவித்த கடிதம் இருந்தால், சட்டத்தரணிக்குப் பேச ஏதாவது இருக்கும்.

“வெளிநாட்டில் போதைப்பொருள் நீதிமன்றம் என்று தனியே இருக்கிறதாமே? இங்கே ஏன் இல்லை?” – சட்டம் படிக்கும் மாணவி, உவர்மலை

1989இல் மயாமியில் தொடங்கியது. ஒரே நீதிபதி, கிழமைக்கோ இரு கிழமைக்கோ ஒரு தடவை ஆளை அழைத்து, சிகிச்சை எப்படிப் போகிறது என்று நேரே கேட்பார். முடித்தால் வழக்கு தள்ளுபடி, தவறினால் படிப்படியான தண்டனை. போர்த்துக்கல் வேறு வழியில் போனது. 2001 ஜூலையிலிருந்து பத்து நாள் பாவனைக்குள் அடங்கும் அளவைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கே கொண்டுபோவதில்லை, ஒரு சிறு ஆணைக்குழு முன் அனுப்புகிறார்கள். எங்களுக்கு அப்படித் தனி நீதிமன்றம் தேவையா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை. ஆனால் இருக்கும் சட்டங்களில் பாதியைக்கூட நாம் பாவிப்பதில்லை என்பதில் ஒத்துப்போகிறோம். 1988ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரையைப் படித்துப் பாருங்கள், பாவனையாளருக்குத் தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சை கொடுக்க அதுவே இடம் வைத்திருக்கிறது. மெதடோன், பியுபிரெனோர்பின் இரண்டும் 2005இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தவை. ஹெரோயினுக்கு அவ்வளவு பலன் தரும் மருந்து வேறில்லை. ஐஸுக்கு அப்படி ஒரு மருந்து இன்னும் இல்லை, அதற்குப் பேச்சுவழிச் சிகிச்சைதான்.

“அடுத்த மாதம் மகன் மறியலால் வருகிறான். வீட்டில் என்ன செய்ய வேண்டும்?” – நிலாவெளி

முதல் இரண்டு கிழமை மிக ஆபத்தானது. உள்ளே பாவிக்காமல் இருந்ததால் உடம்பு பழைய அளவைத் தாங்காது. பிடிபட முன் எடுத்த அதே அளவு தூளைத் திரும்ப எடுத்தால் மூச்சு நின்றுவிடும். இதை அவனிடம் நேரே சொல்லுங்கள், பயமுறுத்தாமல். வரும் கிழமையிலேயே மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலக் கிளினிக்குக்கு நாள் எடுத்து வையுங்கள். காசைக் கையில் மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். அறைக் கதவை உள்ளே பூட்டாமல் படுக்கச் சொல்லுங்கள்.

உதடு நீலம் பாரித்து, குறட்டை மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விட்டு, தட்டி எழுப்பியும் எழும்பாவிட்டால் 1990க்கு எடுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை. இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், வாயில் ஏதாவது இருந்தால் விரலால் எடுத்துவிடுங்கள். தண்ணீர் பருக்கவோ தலையில் ஊற்றவோ வேண்டாம். மூச்சு நின்றுவிட்டால் மல்லாக்கப் படுக்க வைத்து, நாடியை (மோவாயை) தூக்கி, மூக்கைப் பிடித்து வாயால் ஊதுங்கள், ஐந்தாறு செக்கனுக்கு ஒரு தரம். நாடித் துடிப்பும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு 100 தொடக்கம் 120 தரம். போனில் கேட்பவரிடம் “தூள் எடுத்தவர், மூச்சு குறைகிறது” என்றே சொல்லுங்கள். மயக்கம் போட்டுவிட்டார் என்று மட்டும் சொன்னால் வருகிறவர்களுக்கு என்ன ஆயத்தம் செய்வதென்று தெரியாது.